என்னைத் தங்கை என்று சொல்லாத அண்ணாவுக்கு

என் அருமை அண்ணா,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்கிப் பழக்கம். நீங்கள் போன இடத்தில் உங்களைப் பற்றி நான் யாரிடம் விசாரிப்பேன்? இங்கே அண்ணி நலம். உங்கள் ரவி உங்களை விட உயரமாகிவிட்டான். என் சுமதி பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறாள், என் உச்சரிப்பைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான்தான் சண்டை போட ஆள் இல்லாமல் இருக்கிறேன்.

மாண்ட்ரியாலில் இருக்கும் நம் குடும்பங்கள் சேர்ந்து தீபாவளிக்கு ஒரு கையெழுத்து மலர் போடுகிறார்கள். நகலெடுத்து வீட்டுக்கு ஒன்று கொடுப்பார்களாம். ஏதாவது எழுதுங்கள், சமையல் குறிப்பானாலும் சரி என்று என்னிடம் கேட்டார்கள். நான் உங்களுக்கு எழுதுகிறேன். நம் ஆட்கள் எல்லோரும் படிக்கட்டும். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று வாழ்நாள் முழுக்கப் பயந்தீர்களே, அந்த நாலு பேர் வேறு யார்? இவர்கள்தானே.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு நம் கதை தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வழக்கம் போல் குறுக்கே பேசாதீர்கள்.

எக்ஸ்போ உலகக் கண்காட்சி நடந்த அறுபத்தேழாம் வருடம் நீங்கள் இந்த ஊருக்குப் பொறியாளராக வந்தீர்கள். சில வருடங்களில் திருச்சியில் என் கணவர் காலமானார். கைக்குழந்தையோடு நான் திகைத்து நின்றபோது, இரண்டு பேருக்கும் டிக்கெட் அனுப்பி வரவழைத்தது நீங்கள்தான். விமான நிலையத்தில் சுமதி குளிரில் அழ, உங்கள் கோட்டைத் திறந்து அவளை உள்ளே வைத்துப் பொத்திக்கொண்டீர்கள். அந்த ஒரு நிமிடத்தில், எனக்கு இனி ஒரு குறையும் இல்லை என்று நினைத்தேன்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் உங்கள் வீட்டு மாடியிலேயே எங்களுக்கும் ஓர் அறை. அண்ணி ஒருநாளும் முகம் கோணியதில்லை. ஆனாலும் அண்ணன் வீட்டில் எத்தனை காலம் இருக்க முடியும்? ஒரு வேலை, ஒரு சின்ன ஃப்ளாட், நானே பூட்டித் திறக்கும் ஒரு கதவு. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வரலாற்றில் பி.ஏ. வாங்கியிருந்தேன். போன இடமெல்லாம் கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உண்டா என்றே கேட்டார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்?

அப்போதுதான் செயின்ட்-மிஷேலில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலை ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தது. சின்னச் சின்னப் பாகங்களை ஈயம் உருக்கிப் பலகையில் பற்றவைக்கும் சால்டரிங் வேலை. அதற்குப் பெண்களைப் பழக்க, வில்லரேயில் ஒரு பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் அரசாங்கச் செலவில் மாலை வகுப்பு தொடங்கினார்கள். பகலில் வேறொரு கம்பெனியில் பொறியாளராக இருந்த நீங்கள் மாலையில் அங்கே வாத்தியார் ஆனீர்கள். பயிற்சி முடிந்ததும் தொழிற்சாலையிலிருந்து மேலாளர் ஜெரார் வருவார். நீங்கள் பெயர் சொல்லும் ஆட்களை மறு கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வார். “நீயும் வந்து உக்காரு வசந்தா, உனக்கு நிதானம் இருக்கு” என்று என்னைச் சேர்த்துவிட்டவரும் நீங்கள்தான்.

சேர்த்த அன்றைக்கே ஒரு சட்டம் போட்டீர்கள்.

“கிளாஸ்ல என்னை அண்ணான்னு கூப்பிடாதே. சார்னு கூப்பிடு. தங்கச்சின்னு தெரிஞ்சா, சொந்தக்காரிக்கு வேலை வாங்கித் தர்றதுக்காகவே கிளாஸ் நடத்தறான்னு சொல்வாங்க.”

“யாரு சொல்வாங்க? இருக்கறதெல்லாம் கிரேக்கப் பொண்ணுங்க, இத்தாலிப் பொண்ணுங்க, ஹைட்டிப் பொண்ணுங்க. அவங்களுக்கு நம்மளப் பத்தி என்ன?”

“நம்மாளுங்க காதுக்குப் போகும். நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. உனக்கு ஒண்ணும் தெரியாது.”

அதோடு விட்டீர்களா? இரண்டு பேரும் ஒன்றாக வந்து இறங்கினால் தெரிந்துவிடும் என்று, என்னை ஒரு பஸ் முன்னால் அனுப்பிவிட்டு நீங்கள் அடுத்த பஸ்ஸில் வந்தீர்கள். ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ழான்-தலோன் தெருவில் ஒரே பாதையில், யாரோ எவரோ மாதிரி. இந்த ஊரில் ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே கடைசிப் பெயர். நமக்கோ உங்கள் பெயரோடு அப்பா பெயர், என் பெயரோடு என் கணவர் பெயர். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு இந்தியர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

என் பக்கத்து இருக்கையில் எலெனி என்ற கிரேக்கப் பெண். அவள் ஒருநாள் தன் தம்பி மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். “இவள் எங்கள் வீட்டுப் பெண், நல்ல இடமாகப் பார்த்து உட்கார வையுங்கள்” என்று வகுப்பே அதிர உங்களிடம் சொன்னாள். நீங்கள் சிரித்துக்கொண்டே நாற்காலி போட்டுக் கொடுத்தீர்கள். ஹைட்டிப் பெண் மரி தன் சித்தி மகளைக் கொண்டுவந்தாள். ஜெராருக்கு அது பிடிக்கும். வீட்டு ஆளைக் கூட்டி வந்தால் நம்பி எடுக்கலாம், பாதியில் விட்டுப் போக மாட்டார்கள் என்பார். ஊர் பூராவும் தன் சொந்தத்தைக் கூட்டி வந்தபோது, நான் மட்டும் உங்களை சார் என்று கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் வகுப்பு முடிந்தது. ஜெரார் வந்தார். நீங்கள் பெயர்களைச் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியாக எழுந்து போய் அவர் கையைக் குலுக்கினாள். என் பெயர் வரவில்லை. அன்று சாப்பிடும்போது அண்ணிதான் பேச்சை எடுத்தாள்.

“பாவங்க, அவ பேரையும் சொல்லியிருக்கலாம்ல?”

“அடுத்த பேட்ச்ல பார்க்கலாம்.”

“ஏன் அண்ணா, நான் பத்தவைக்கறது சரியில்லையா?” என்று கேட்டேன்.

நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். “நல்லாத்தான் இருக்கு. அதுதான் சிக்கல். சொன்னா உன் பேரைத்தான் முதல்ல சொல்லணும். பின்னாடி நீ என் தங்கச்சின்னு தெரிஞ்சா என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தித்தான் தீர்த்தேன். மோசமாகச் செய்தால் வேலை இல்லை, நன்றாகச் செய்தாலும் வேலை இல்லை, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். நீங்கள் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தீர்கள். தெரிந்த பாடத்தையே மறுபடி படிக்க நான் இரண்டாவது வகுப்பிலும் போய் உட்கார்ந்தேன்.

அண்ணா, அந்த ஜனவரி மாலையை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நான் முதல் பஸ்ஸில் போய்விட்டேன். வகுப்பில் எல்லோரும் பற்றவைக்கும் கருவியைச் சூடு ஏற்றி வைத்துக் காத்திருந்தோம். நீங்கள் வரவில்லை. சாருக்கு இன்றைக்குப் பனிக்கால விடுமுறையோ என்று யாரோ கேலி செய்தார்கள். அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவார் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று விழுங்கிக்கொண்டேன். அடுத்த பஸ்ஸும் வந்திருக்கும், அதற்கடுத்ததும் வந்திருக்கும். அப்போதுதான் காவலாளி கீழே வந்து, வசந்தா யார், தொலைபேசி வந்திருக்கிறது என்றார்.

அண்ணிதான். பஸ் நிறுத்தத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டீர்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நம் வீட்டுத் தெருவிலேயே, உங்கள் பெயர் தெரிந்த ஓர் ஆள்கூடப் பக்கத்தில் இல்லாமல். நான் அந்த பஸ்ஸில் வர வேண்டியவள் அண்ணா. உங்களோடு நின்றிருக்க வேண்டியவள். என் மடியிலாவது விழுந்திருப்பீர்கள்.

கோட்டை எடுக்க வகுப்புக்குள் வந்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். “சார் இறந்துவிட்டார்” என்றேன். அந்த நேரத்திலும் அண்ணா என்று வாயில் வரவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்தது அவ்வளவு நன்றாகப் பதிந்திருந்தது.

உங்களைக் கிடத்தியிருந்த இடத்துக்கு வகுப்பு முழுவதும் வந்தது. ஜெராரும் வந்தார். அண்ணிக்குப் பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்து எலெனி விழித்தாள். “நீ ஏன் இங்கே நிற்கிறாய்? இது குடும்பத்தார் நிற்கும் இடம்” என்று காதருகே வந்து சொன்னாள். “என் அண்ணன்” என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

ஜெரார் அப்படியே நின்றுவிட்டார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெல்ல மெல்லச் சொன்னார். “நான் அவரிடம் கேட்டேன் மேடம். ஒரு தடவை அல்ல. உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு வேலை கொடுக்கிறேன் என்றேன். யாரும் இல்லை என்றார்.”

யாரும் இல்லை.

அண்ணா, எப்படிச் சொன்னீர்கள் அதை? கடல் கடந்து என்னை வரவழைத்தவர். என் குழந்தையைக் கோட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியவர். தெரியாத ஊரில் ஒரு மனிதர் உங்கள் தங்கைக்கு வலிய வந்து வேலை தருகிறேன் என்கிறார், நீங்கள் தங்கையே இல்லை என்றீர்களா? சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டீர்களா? நீங்கள் இறந்ததைக்கூட ஒரு மாதிரி ஜீரணித்துவிட்டேன். இதை என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளுங்கள் என்று ஜெரார் அங்கேயே சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. சரி என்றேன். நம் பெண்மணி ஒருத்தி எனக்குக் கேட்கும்படியே இன்னொருத்தியிடம் சொன்னாள், “பாத்தியா, அண்ணன் செத்த இடத்துலயே வேலை வாங்கிட்டா.” யார் என்று எழுத மாட்டேன். அவள் இதைப் படிப்பாள்.

ஆக, சொல்லியே விட்டார்கள் அண்ணா. நீங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எதற்குப் பயந்தீர்களோ, அதையே உங்கள் தலைமாட்டில் நின்று சொன்னார்கள். வானம் இடிந்து விழவில்லை. நான் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். இதற்காகவா நாம் இரண்டு பஸ்ஸில் போனோம்?

அண்ணி ஒன்று சொல்கிறாள். கடைசி நாள் காலையில் காப்பி குடிக்கும்போது, “இந்தத் தடவை வசந்தா பேரைச் சொல்லிடறேன்” என்றீர்களாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லியிருப்பாள், அவள் குணம் அப்படி. நிஜமாகவே சொன்னீர்களா? சத்தியமாகச் சொல்லுங்கள். இதைக் கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

மற்ற செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். நானும் சுமதியும் தனி ஃப்ளாட்டில் இருக்கிறோம், அண்ணி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. உங்கள் வகுப்பை இப்போது தொழிற்சாலைக்குள்ளேயே நடத்துகிறார்கள். புதிதாக வருகிறவர்களைப் பழக்குவது என் பொறுப்பு. பாதி பிரெஞ்சு, பாதி சைகை. ஈயம் மங்கலாக இறுகினால் கலைத்துவிட்டு மறுபடி வை என்று நான் சொல்லும்போது என் தொண்டையிலிருந்து உங்கள் குரல் வருகிறது, சில நாள் அதைக் கேட்டுப் பாதியில் நிறுத்திவிடுவேன்.

இந்த வருடம் அண்ணியை வகுப்பில் சேர்த்தேன். ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. “நாத்தனார் நடத்தற இடத்துல நான் வந்து உக்காந்தா நம்மாளுங்க என்ன சொல்வாங்க வசந்தா?” என்று ஆரம்பித்தாள். உங்கள் வியாதி அவளுக்கும் தொற்றியிருந்தது. “சொல்லி முடிச்சுட்டாங்க அண்ணி, புதுசா சொல்ல ஒண்ணும் மிச்சம் இல்லை, வாங்க” என்று இழுத்துக்கொண்டு போனேன். முதல் வாரம் விரலைச் சுட்டுக்கொண்டாள். இப்போது அவள் வேலையில் நான் குறை கண்டுபிடிக்கப் பார்த்தும் கிடைக்கவில்லை.

போன வாரம் ஜெரார் வந்து ஆட்களின் பெயர் கேட்டார். வகுப்பு முழுவதும் இருந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது அண்ணா, பொய் சொல்லவில்லை. ஒரு கணம் நீங்கள் அங்கே நின்று என்னவெல்லாம் நினைத்திருப்பீர்கள் என்று புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை, அழுகைதான் வந்தது. முதலில் கமலா என்றேன். “என் அண்ணன் மனைவி” என்றும் சொன்னேன். புதிதாக வந்த ஒரு பெண், எந்த அண்ணன் என்று கேட்டாள். இந்த வகுப்பைத் தொடங்கியவர், எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் என்றேன். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெரார்தான் அவளை எழுப்பிக் கை குலுக்கினார்.

இனி ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாளே உங்களை என் அண்ணன் என்று சொல்லிவிடப் போகிறேன். நீங்கள் சொல்லாமல் போனதையும் சேர்த்து நானே சொல்வேன், யார் கேட்டாலும், எந்த மொழியில் கேட்டாலும். இந்த மலர் நம் எல்லோர் வீட்டுக்கும் போகிறது. அதனால் கீழே கையெழுத்தை முழுசாகவே போடுகிறேன்.

இப்படிக்கு,
சுந்தரத்தின் கூடப்பிறந்த ஒரே தங்கை
வசந்தா