மரக்காலும் படியும் உழக்கும்

சேசு மரி சூசை துணை

வடமதுரை
18-6-1963

என் அன்புள்ள அத்தானுக்கு,

மேரி எழுதுவது. உங்கள் தாயாரும் நானும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் இருக்கிறது. அசாமில் மழை விடவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே ஒரு தூறல்கூட இல்லை. கிணறு வற்றிக்கொண்டு வருகிறது. கத்தரி மட்டும் சளைக்காமல் காய்க்கிறது. மூன்று வேளையும் அதுதான் வெஞ்சனம்.

ஆசிரியப் பயிற்சியில் பாஸ் என்று போன மாதம் எழுதினேன் அல்லவா? அது தப்பு, அத்தான். வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, கணக்கு தவறிவிட்டது. திண்டுக்கல் பயிற்சிப் பள்ளிப் பலகையில் எழுத்துத் தேர்வு 38, வகுப்பு நடத்தியதற்கு 70, கைத்தொழிலாக நூல் நூற்றதற்கு 48 என்று எழுதிப் போட்டிருந்தார்கள். நான் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தேன். 52 வந்தது. ஐம்பது இருந்தால் பாஸ். அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்து அத்தையிடம் சொல்லிவிட்டேன். அத்தை கோயில் வாசலில் நின்று ஊருக்கே சர்க்கரை கொடுத்தார்.

எட்டாம் நாள் விடுதிச் சிஸ்டரின் கார்டு வந்தது. மூன்றும் ஒரே அளவு இல்லையாம். நூற்றில் அறுபது பங்கு எழுத்துத் தேர்வுக்கு, முப்பது வகுப்புக்கு, நூற்புக்குப் பத்துதான். அப்படிப் போட்டால் 48.6. ஒன்று மரக்கால், ஒன்று படி, ஒன்று உழக்கு. எல்லாவற்றையும் படியென்று நினைத்து அளந்துவிட்டாயே மகளே என்று எழுதியிருந்தார். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரப் போகிறவளின் லட்சணம் இது.

எழுத்துத் தேர்வில் 41 வாங்கினால் கரையேறிவிடுவேன். மூன்றே மார்க்கு. செப்டம்பரில் மறுதேர்வு. ஆகஸ்டு முழுவதும் விடுதியில் தங்கிப் படிக்கச் சொல்கிறார் சிஸ்டர். ஜூலை பத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும். விட்டால் இரண்டு வருடப் படிப்பும் வீண்.

திண்டுக்கல்லில் ஒரு மாதம் இருந்துவிட்டு வரட்டுமா என்று அத்தையைக் கேட்டேன். பாசானவளுக்கு ஆஸ்டல்ல என்ன சோலி, ஊரு என்ன பேசும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். போக வேண்டுமானால் ஃபெயில் என்று சொல்லியாக வேண்டும். கிணற்றடியில் எல்லோரும் என்னை டீச்சரம்மா என்கிறார்கள்; அதைக் கேட்டு அத்தைக்கு முகம் மலர்ந்துபோகிறது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

நீங்கள் அத்தைக்கு எழுதுங்கள். மேரி கணக்கில் தவறிவிட்டாள், ஒரு மாதம் அனுப்பி வையுங்கள் என்று இரண்டு வரி போதும். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டுகிறவள் நான்தான். நான் தோற்றதை நானே வாசிக்கிறேன். உங்கள் வார்த்தையாக இருந்தால் என் வாய் திறக்கும்.

நீங்கள் எழுதாததையும் என்னால் வாசிக்க முடியும், அத்தான். போன இரண்டு கடிதங்களிலும் பசுமாடு, வரப்பு, அத்தையின் முழங்கால் எல்லாவற்றையும் விசாரித்திருந்தீர்கள். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. அத்தை மனம் நோகுமே என்று, மேரி சுகமா என்பதை நானே சேர்த்து வாசித்தேன். இரண்டு முறையும் அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மாதா உங்களைக் காக்கட்டும். இந்த முறை நான் சேர்த்து வாசிக்கும்படி வைத்துவிடாதீர்கள்.

உங்கள்
ஆனந்தமேரி