அலமாரிச் சாவி

என் வீட்டு மகாராணிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் முழங்கால் வலி எப்படி? நான் நலம், கொஞ்சம் குண்டு, அவ்வளவுதான்.

ஆறு மாதத்தில் எட்டு கிலோ ஏறிவிட்டேன். பேக்கரி முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்று கேக்கை எண்ணுகிறார். "காத்தக் குடிச்சா இப்படி ஊதிப்போனே?" என்றார். ரோஷத்தில் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். தைராய்டு குறைவாம். "அதான் எடை ஏறுது, மாத்திரை போடுங்க" என்றார் டாக்டர். ரிப்போர்ட்டை முதலாளி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார், கள்ள நோட்டு மாதிரி.

பெரிய சட்டை இரண்டு தைத்து அனுப்பு. அளவை நீயே ஊகித்துக்கொள், இங்கே அளந்து சொல்ல ஆளில்லை.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். நீயும் ரத்தம் கொடுத்துப் பார். நீ குண்டாகிக்கொண்டே போனதைப் பார்த்து, ஒளித்துத் தின்கிறாய் என்று பலகார அலமாரியைப் பூட்டி, சாவியைக் கையோடு கொண்டுவந்தேனே, இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.