டெவனில் ஒரு கிழமை

அக்கா,

இன்று காலை மகள் கோடை விடுமுறைக்கு ஒரு வீடு பார்த்துவிட்டுப் படத்தை என்னிடம் காட்டினாள். கல் வீடு, பின்னால் புல்வெளி, ஆடுகள். "அங்க போன் வேலை செய்யாதாம் அம்மா. நல்ல நிம்மதி, என்ன?" என்றாள். தேத்தண்ணீர் போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போய்விட்டேன். கேத்தில் கொதித்து அணைந்த பிறகும் அங்கேயே நின்றேன். நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நாம் இருவரும் ஓர் அறையில் இருந்தோம். வேலையும் ஒரே தையல் தொழிற்சாலையில்தான். கூடப் பிறக்காவிட்டாலும் எனக்கு அக்கா, என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். உங்களுக்கென்று மிஞ்சியிருந்தது யாழ்ப்பாணத்தில் உங்கள் அம்மா ஒருவர்தான். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராததால் உங்களால் திரும்பிப் போக முடியாது. சண்டையால் யாழ்ப்பாணத்தில் தொலைபேசி இல்லை. அம்மா கொழும்புக்கு வந்தால்தான் பேச முடியும். எப்போது வருவார் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வேலை முடிந்தால் நேரே வீடு. கீழே நடையில் இருந்த தொலைபேசி அடித்தால், யாருக்கென்று தெரியுமுன்பே பாதிப் படி இறங்கி நிற்பீர்கள். கோயிலிலும் பூசை முடியும்வரை நின்றதில்லை.

அந்த வசந்தத்தில் மெஷினின் மேலேயே மயங்கி விழுந்தீர்கள். பிரஷர். ஓய்வு வேண்டும் என்றார் டொக்டர். நான்தான் நூலகத்திலிருந்து, வாடகைக்கு விடும் நாட்டுப்புற வீடுகளின் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தேன்.

"லீவு எடுத்து ஆடு பாக்கப் போறதோ? ஊரில பாக்காத ஆடோ?" என்று சிரித்தீர்கள்.

ஆனால் மதிய இடைவேளைகளில் அதைப் புரட்டிக்கொண்டிருந்தது நீங்கள்தான். பக்கத்தில் ஓடை இருக்க வேண்டும். படிகள் கூடாது. புட்டுக்குழலும் மிளகாய்த்தூளும் மறக்கக் கூடாது. பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதி எழுதி வெட்டினீர்கள். கடைசியில் டெவனில் ஒரு வீட்டைத் தெரிந்தெடுத்தோம்.

"அங்க ரெலிபோன் இருக்கோ?"

"ஓம் அக்கா, இருக்கு."

இல்லை. வீட்டுக்காரி தன் கடிதத்தில் அதைத் தெளிவாகவே எழுதியிருந்தாள். சொன்னால் வரமாட்டீர்கள் என்று நினைத்து, கடிதத்தை என் உடுப்புகளுக்கு அடியில் ஒளித்தேன்.

ஓகஸ்ட்டில் தொழிற்சாலை மூடிய கிழமை, ஏழு நாளுக்குப் போனோம். வீட்டுக்குள் நுழைந்ததும் தொலைபேசியைத் தேடுவீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். நீங்கள் கேட்கவே இல்லை. பயணக் களைப்பில் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். மறுநாள் பத்து மணிவரை தூங்கினீர்கள். அவ்வளவு நேரம் நீங்கள் தூங்கி நான் பார்த்ததில்லை. ஓடையில் காலை விட்டு, "ஐயோ, ஐஸ்!" என்று கத்திவிட்டு, மறுபடியும் விட்டீர்கள். வீட்டுக்காரிக்குப் புட்டுக் கொடுத்தீர்கள். அவள் அதை ஜாமுடன் சாப்பிட்டதைச் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் சிரித்தீர்கள்.

திரும்பி வந்தபோது கீழே குடியிருந்த வீட்டுக்கார அண்ணை நடையிலேயே காத்துக்கொண்டிருந்தார்.

"எங்க போனனியள்? உங்கட அம்மா கொழும்பில இருந்து மூண்டு தரம் போன் எடுத்தவ. கண் ஒப்பரேஷனுக்கு வந்தவவாம். ஊரை விட்டு வரக் குடுத்த பாஸ் முடியுது எண்டு நேற்றுத் திரும்பிப் போட்டா."

"என்ன சொன்னவ?" என்று கேட்டீர்கள்.

"பிள்ளை லீவில போட்டா எண்டு சொன்னன். 'நல்லது, அவள் கொஞ்சம் ஆறட்டும்' எண்டவ."

கொழும்புக்கு வருகிறேன் என்று அம்மா எழுதிய கடிதம், நாம் போன மறுநாள் வந்து நடை மேசையில் கிடந்தது. நீங்கள் அழவில்லை. பையைத் திறந்து, ஈரமாக இருந்த காலுறைகளை ஒவ்வொன்றாக ஹீட்டரின் மேல் விரித்தீர்கள்.

அடுத்த வருடம், இடம்பெயர்ந்து தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அம்மா இறந்துபோனார். செய்தி மூன்று கிழமை கழித்துத்தான் வந்தது. மனோர் பார்க் கோயிலில் அவருக்காக ஒரு பூசை செய்துவிட்டு பஸ் தரிப்பில் நின்றபோது, இனிமேலும் மறைத்து வைக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அங்க போன் இல்லை எண்டு எனக்கு முதலே தெரியும். பொய் சொன்னனான்."

நீங்கள் ரோட்டைப் பார்த்தபடியே நின்றீர்கள்.

"எனக்கும் தெரியும். உன்ர உடுப்பை மடிச்சு வைக்கேக்க அந்தக் கடிதத்தைக் கண்டனான். வாசிச்சனான்."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"ஒரு கிழமை எண்டாலும் அந்த ரெலிபோன் மணிக்குக் காது குடுக்காம இருக்கவேணும் போல இருந்துது. என்ர அம்மாட்ட இருந்து ஒளிச்சு ஓடினனான், அவ்வளவுதான்."

பஸ் வந்தது. நீங்கள் ஏறினீர்கள், பின்னால் நானும் ஏறினேன். உண்மையைச் சொன்னால், குற்றம் என்னுடையது மட்டும் இல்லை என்று அந்த நிமிடத்தில் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பிறகு எனக்குக் கலியாணம் நடந்தது, இல்ஃபோர்டுக்கு வந்துவிட்டேன். ஒவ்வொரு கோடையும் எங்களோடு விடுமுறைக்குக் கூப்பிட்டேன். "ஏலாது, நீங்கள் போட்டு வாங்கோ" என்பீர்கள். தொலைபேசியில் அழைப்பதற்கு ஊரில் யாரும் இல்லாத பிறகும் லண்டனை விட்டு ஓர் இரவுகூட நீங்கள் வெளியே தங்கவில்லை.

அந்தப் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் இருந்து சொல்லியிருக்க வேண்டியதை எத்தனையோ வருடங்களாக வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்கள் கால்களைப் பிடித்துவிட்டபோதும் சொல்லவில்லை. களைச்சுப்போன ஒரு பிள்ளை கொஞ்சம் நித்திரை கொண்டது, அக்கா. நீங்கள் ஒருத்தரையும் விட்டிட்டு ஓடேல்லை.