உறையில் என் பெயர்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டி எழுதுகிறேன். முட்டிவலித் தைலத்தைத் தடவுகிறாயா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

நீ மகன் வீட்டுக்குக் குடிபோன பிறகு உன் பழைய தபாலாபீஸை ஊர்க்காரர்கள் அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். நேற்று என் நாலாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். உன் நாற்காலி, தராசு, முத்திரைக் கட்டை எல்லாம் அப்படியே இருக்கின்றன. "எங்க அக்கா உக்காந்த இடம்" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

கடைசிக் கண்ணாடிப் பெட்டியில் 'பட்டுவாடா ஆகாத கடிதங்கள்'. ஒரு வாண்டு கத்தினாள்: "டீச்சர், உங்க பேரு!"

எனக்கு வந்த கடிதம், அக்கா. அனுப்பியது அம்மா! நம்மை விட்டுப் போனபின் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ சொன்ன அதே அம்மா. முத்திரைத் தேதிப்படி எனக்குப் பதினாறு வயதானபோது வந்திருக்கிறது. குறுக்கே சிவப்பு மையில் 'இந்த விலாசத்தில் ஆள் இல்லை'. எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்த உன் கையின் எழுத்து எனக்குத் தெரியாதா? அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆள் இல்லையா? அன்றும் உனக்குச் சோறு கட்டிக் கொடுத்தனுப்பியவள் யார்?

குட்டி

மார்ச் 9

குட்டிக்கு,

ஆமாம், அப்படி எழுதியது நான்தான்.

அப்பா செத்த ஆறாம் மாதமே நம்மைப் போட்டுவிட்டு வேறொருவரோடு போனவள் அவள். படிப்பை விட்டுத் தபால் பிரிக்கப் போனவள் நான். நாலு வருஷம் கழித்து ஓர் உறை வருகிறது, உன் பேருக்கு மட்டும். என் பேர் ஓரத்தில்கூட இல்லை. வயிறெரிந்தது. நீயும் போய்விடுவாயோ என்ற பயம் வேறு.

தபாலில் வேலை பார்ப்பவள் கடிதத்தைக் கிழிக்க மாட்டாள். திருப்பி அனுப்பவும் கை வரவில்லை. ஆபீஸ் பீரோவின் அடித்தட்டில் செருகினேன். பீரோவோடு தூக்கிப் போய்க் காட்சிக்கு வைப்பார்கள் என்று கண்டேனா? அடுத்த வருஷமே அவள் செத்த சேதி வந்தது. அப்புறம் எந்த முகத்தோடு உன்னிடம் சொல்வது?

திட்டிக்கொள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

மார்ச் 17

அக்கா,

அருங்காட்சியகப் பொறுப்பாளர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "இருபத்தாறு வருஷம் லேட்டும்மா" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். உன்னைக் கேட்க மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். உறையைப் பிரித்த பிறகு அதைக் கிழித்துப் போட்டேன். அம்மா எழுதியதை அப்படியே தருகிறேன்:

"குட்டி, உறையிலதான் உன் பேரு. கடுதாசி அக்காவுக்கு. அவ பேரைப் போட்டா பிரிக்காமலே திருப்பி விட்டுருவா, ரோஷக்காரி. நீ பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டு. பெரியவளே, உன் தலையில பாரத்தை வச்சிட்டுப் போயிட்டேன். பெத்தவ கேக்குறேன், மன்னிச்சுரு. இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். திட்டுறதுக்காவது வா. வரலைன்னா இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

உனக்கு வந்ததை உன்னிடம் சேர்த்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லியிருக்கிறாள். அது மட்டும் இப்போது என்னால் முடியாது.

குட்டி