தாலிம்பா உச்சிக்கு எளிய பாதை

சான் மார்சியால்
12 டிசம்பர் 1993

அன்புள்ள ரெமிஹியோ அத்தானுக்கு,

நலமா? ஒரு வரி எழுதக்கூட உங்களுக்கு மனம் வரவில்லையே என்று நேனா குறைப்படுகிறாள். என் மனைவியின் குறை என் குறையும்தான்.

ஜனவரி எட்டாம் தேதி அக்கா மறைந்து ஓராண்டு. கறுப்புடை களையும் சடங்கை இம்முறை வீட்டில் வைக்காமல், தாலிம்பா மலை உச்சியில் உள்ள காட்சி மேடையில் வைக்கலாம் என்று நினைக்கிறோம். அக்காவுக்கு அந்த இடத்தின்மேல் எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியாததா?

எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். விடிந்ததும் தேவாலய வாசலிலிருந்து ஜீப்னி வண்டி. தென்னந்தோப்புப் பக்கமாக ஏறினால், வெயில் உறைப்பதற்குள் மேலே போய்விடலாம். நடுத்தரமான ஏற்றம்தான். லோலெங் அத்தைகூட, "என்னை விட்டுட்டுப் போனீங்கன்னா அப்புறம் என் வீட்டு வாசல் மிதிக்காதீங்கடா" என்கிறார், எழுபது வயதில். மதியத்துக்குச் சோறும் கோழி அடோபோவும் கட்டி எடுத்துக்கொள்கிறோம். மாலையில் எங்கள் வீட்டில் விருந்து.

அக்காவின் கணவர் நீங்கள் இல்லாமல் நாங்கள் கறுப்பைக் களைந்தால் ஊர் என்ன சொல்லும்? அவசியம் வாருங்கள்.

பாசமுள்ள மைத்துனன்,
டெல்ஃபின்

*

லோஸ் பான்யோஸ்
19 டிசம்பர் 1993

டெல்ஃபினுக்கு,

உங்கள் திட்டம் கிடைத்தது. குறை சொல்ல இடமில்லாத திட்டம். அதை நான் இருமுறை படித்தேன். ஓராண்டுக்கு முன் இது எங்கே இருந்தது என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது.

லுஸ்விமிண்டா உங்களிடம் இதைத்தான் கேட்டாள். மருத்துவர் கைவிரித்த பிறகு அவள் யாரிடமும் கேட்டது இது ஒன்றே: தம்பியோடு தாலிம்பா ஏறி, மேலிருந்து ஏரியைப் பார்க்க வேண்டும். அப்போது அவளால் நடக்க முடிந்தது. அக்டோபரில் மழை என்றீர்கள். நவம்பரில் கல்லறைத் திருநாள் வேலை என்றீர்கள். டிசம்பரில் "சரிக்கா, இந்தச் சனிக்கிழமை கண்டிப்பா" என்றீர்கள்.

மறுப்பவர் முகத்துக்கு நேரே மறுக்காமல் சரி என்று சொல்லிவிட்டு வராமலிருப்பது நம் ஊரில் மரியாதை. அதை நானும் அறிவேன். அன்று காலை அவளுக்கு நினைவூட்டவும் செய்தேன். அவள் சிரித்தாள். "அது ஊர்க்காரங்களுக்குச் சொல்ற சரி. எனக்குச் சொல்ற சரி வேற. நீங்க பேசாம இருங்க, புரொபசர்."

காலணியைக் கட்டிக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நிற்கிற ஒவ்வொரு ஜீப்னிக்கும் எழுந்தாள். நான் அழைத்துப்போகிறேன் என்றபோது, "நாம போயிட்டோம்னு தெரிஞ்சா அவன் குறுகிப் போயிடுவான். விடுங்க" என்றாள். மதியம், மலைக்கென்று அவள் கட்டி வைத்திருந்த சோற்றை எங்கள் மேசையிலேயே பிரித்து உண்டோம். மூன்று வாரங்களில் இறந்தாள்.

காரணத்தை அறிய விரும்புகிறேன். அதன்பின் வருவதா என்று முடிவு செய்கிறேன்.

ரெமிஹியோ

*

சான் மார்சியால்
27 டிசம்பர் 1993

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்றுவரை "டேய்" என்று கூப்பிட்டவர் "நீங்கள்" என்று எழுதினால் எனக்கு எப்படி இருக்கும்?

என்மேல் கோபப்படுங்கள், ஆனால் ஒன்றை யோசியுங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பாறைச் சரிவு. திடமானவர்களே தவழ்ந்துதான் ஏறுவார்கள். அந்த நிலையில் அக்காவை எப்படி ஏற்றுவேன்? அங்கே அவள் வழுக்கியிருந்தால் நீங்களே என்னை மன்னித்திருப்பீர்களா? முடியாதுக்கா என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் அத்தான் என் குற்றம்.

சின்ன வயதிலிருந்து நான் அவள் வளர்த்த பிள்ளை. எங்களை விட்டுவிடாதீர்கள். எட்டாம் தேதி தேவாலய வாசலில் உங்களுக்காகக் காத்திருப்போம்.

டெல்ஃபின்

*

லோஸ் பான்யோஸ்
3 ஜனவரி 1994

திரு. டெல்ஃபின் மகலோனா அவர்களுக்கு,

புத்தாண்டு நாளன்று நான் தனியாகத் தாலிம்பா ஏறினேன். உங்கள் கடிதம் உண்மையாக இருக்க வேண்டும் என்ற விருப்பத்துடனேயே சென்றேன் என்பதை நீங்கள் நம்பலாம். உங்களை மன்னிப்பதற்கு எனக்கு ஒரு பாறை போதுமானதாக இருந்தது.

தென்னந்தோப்பில் நிழல் இருந்தது. களைத்தவர் அமர இடமும் இருந்தது. உச்சியை நெருங்கும் இடத்தில் கற்படிகளும் இருபுறம் மூங்கில் கைப்பிடியும் இருந்தன. மேலே இளநீர் விற்கும் பெண்ணிடம், பாறைச் சரிவு எங்கே என்று கேட்டேன்.

"அது மேலதானே சார் ஏறி வந்தீங்க. தொண்ணூத்திரண்டு கோடையிலேயே படி போட்டாச்சு. நம்ம டெல்ஃபின்தான் கூடவே நின்னு போட வச்சாரு. இப்ப கிழவிங்ககூட வம்பளந்துக்கிட்டே ஏறுதுங்க."

அந்தக் கோடைக்குப் பின் வந்த அக்டோபரில்தான் லுஸ்விமிண்டா உங்களிடம் முதன்முதலாகக் கேட்டாள்.

உண்மையான காரணத்தை இனி நான் கேட்கப்போவதில்லை. அவளுடைய மெலிந்த உடலைப் பார்க்க அஞ்சினீர்களா, அல்லது உங்கள் சனிக்கிழமைகள் உங்களுக்கு அருமையாக இருந்தனவா என்பது உங்களோடு இருக்கட்டும். நான் ஐம்பத்தாறு வயதில், கைப்பிடியைத் தொடாமலே அந்தப் படிகளில் ஏறினேன். நான் அழைத்துப்போகிறேன் என்று சொன்ன அன்று, அவளை மீறியே அழைத்துப்போயிருக்கலாம். உங்கள் முகம் வாடக் கூடாது என்பதற்காக அவள் அந்தப் படிகளை அறியாமலே போனாள்.

காட்சி மேடையில் ஏரியைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். பிறகு சட்டையிலிருந்த கறுப்புப் பட்டையை நானே கழற்றினேன். என் துக்கத்தை உங்கள் குடும்பத்தோடு சேர்ந்து முடிக்க வேண்டிய தேவை எனக்கு இனி இல்லை.

எட்டாம் தேதி எனக்காகக் காத்திருக்க வேண்டாம். ஜீப்னியைக் குறித்த நேரத்தில் கிளப்புங்கள். ஒன்பதாம் தேதி இங்கே தேவாலயத்தில் அவளுக்கான திருப்பலியில் நான் முன்வரிசையில் அமர்ந்திருப்பேன். நீங்கள் வருவதானால், பின்வரிசையில் இடம் இருக்கும்.

ரெமிஹியோ அபுயான்