ராசம்மாவின் மீசை

யூலை 12, சனி

துறைமுகத்துப் பழைய குவாட்டர்ஸ் சுவரை இடித்தபோது நசீர் கண்டெடுத்த கடிதக்கட்டின் மர்மம் இன்று தீர்ந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் குமாஸ்தா ஒருவன் காதலித்த 'ராசம்மா' ஓர் ஆண். கடைசிக் கடிதத்தில், "மீசையை மழித்துவிடாதே ராசம்மா" என்று கெஞ்சியிருக்கிறான்.

நசீர் அழுதுவிட்டான். "பாவம்டா, காதலிச்சவன்ட சொந்தப் பேரக்கூட எழுத ஏலாமப் போயிட்டு."

நான்கு வருடத்தில் எனக்காக அவன் ஒருநாளும் அழுததில்லை.

"உன்ர போனில என்ர பேர் என்ன?" என்று கேட்டேன்.

"உம்மா பாத்தா என்னடா செய்ற?"

அதில் குமரனாகிய நான் 'சுமதி'. இந்த ஊருக்குப் பயந்து அன்று அந்தக் குமாஸ்தா பெயரை மாற்றினான், இன்று இவனும் மாற்றுகிறான். ராசம்மாவுக்காவது பக்கம் பக்கமாகக் காதல் வந்தது. சுமதிக்கு வருவது 'வாறன்', 'வரமாட்டன்' மட்டும்தான்.

இன்று இரவு வந்தது 'வரமாட்டன்'. வீட்டில் இருந்துகொண்டு அந்தக் கடிதங்களைத் திரும்ப வாசிக்கிறானாம்.