மாதா படத்துக்குப் பின்னால் ஒரு ரசீது

நவம்பர் 4

டேப்லெட் செத்துவிட்டது. வாங்கி மூன்றே வாரம். திரையில் கறுப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ப்ரோஃபிரா எழுதுகிறாள். முப்பது வருடம் தபால் கொடுத்தவள். "கடைக்காரனோட மல்லுக்கட்டணும்னா தேதி முக்கியம் இலாரி அண்ணே, ஒண்ணு விடாம எழுதி வைப்போம்" என்கிறாள்.

நவம்பர் 5

சவேத்தா தொலைபேசியில் பேசினாள். என் மனைவி மூன்று வருடமாக இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். இருமல் போய்விட்டதாம். குரலில் அவள் நன்றாகப் பொய் சொல்வாள்; முகத்தில் சொல்ல வராது. அந்த முகத்தைப் பார்க்கத்தானே பன்றியை விற்று டேப் வாங்கினேன்?

நவம்பர் 7

டவுன் கடைக்குப் போனேன். முதலாளி திபேரியு டேப்பைத் தொடக்கூட இல்லை.

"தண்ணில போட்டிருப்பீங்க பெரியவரே."

"நானா? பிளம் சாராயத்தையே ஒரு சொட்டு சிந்தாத ஆளுய்யா நான்!"

"ரசீது இருக்கா?"

இல்லாமலா? கல்யாணச் சான்று, நிலப்பத்திரம் எல்லாம் இருக்கும் இடத்தில் இருக்கிறது. மாதா படத்துக்குப் பின்னால்.

நவம்பர் 8

எடுத்தேன். அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பு. ப்ரோஃபிரா சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "சூடு பட்டா கறுக்குற தாள் அண்ணே இது! படத்துக்குக் கீழ எரியுற அணையா விளக்குக்கு மேலயா வைப்பாங்க?"

மற்ற தாள்கள் நாற்பது வருடமாக அங்கே நன்றாகத்தானே இருக்கின்றன? மாதா கைவிட்ட முதல் காகிதம் இதுதான்.

நவம்பர் 11

நுகர்வோர் அலுவலகம். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். ரெண்டு வருஷத்துக்குக் கடைதான் பொறுப்பாம். முதல் வருஷத்தில் பழுதானால், நான் கெடுத்தேன் என்று அவன்தான் நிரூபிக்க வேண்டுமாம். அட! ரசீது போனாலும், வாங்கினதற்கு வேறு சான்று போதுமாம். "அவரோட கல்லாவுலயே பதிவு இருக்கும். ஆனா எந்தத் தேதி, எந்த நேரம்னு சொல்லணுமே ஐயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட்டுப்பண்ணைக் காலத்தில், படிக்கச் சொல்லிக் கேட்காமல் ஒரு தாளில் கைநாட்டு வைத்தேன்; பசு பண்ணைக்குப் போய்விட்டது. அன்று முதல் எந்தத் தாள் கைக்கு வந்தாலும், கொடுத்தவர்களையே உரக்கப் படிக்கச் சொல்வேன். ஒருமுறை கேட்டால் போதும், மறக்காது.

நவம்பர் 12

மறுபடி கடைக்குப் போனேன். தொப்பியைக் கழற்றி, கோயிலில் நிற்பதுபோல் நின்று சொன்னேன்:

"அக்டோபர் பதினாலு. மணி பதினொண்ணு இருபத்திமூணு. ரசீது எண் நானூத்திப் பதினேழு. டேப் ஒண்ணு. ரொக்கம். கல்லாவில் மிரெல்லா. நன்றி, மீண்டும் வருக."

 கல்லாவில் இருந்த மிரெல்லா எதையோ தட்டினாள். சர்ரென்று தாள் வந்தது. "முதலாளி, ஒரு எழுத்து பிசகலை!"

திபேரியு காது சிவந்து போனான். "வேற என்ன ஞாபகம் வச்சிருக்கீங்க பெரியவரே?"

"'உங்க ஆயுசுக்கும் உழைக்கும்'னு நீ சொன்னது. நான் இன்னும் சாகலியேப்பா!"

விளக்கு வாங்க வந்த பாதிரியார்கூடச் சிரித்தார். திபேரியு டேப்பைச் சோதித்துப் பார்க்க வாங்கி வைத்துக்கொண்டான்.

நவம்பர் 20

குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸை உப்புநீரில் ஊறப் போட்டேன். கடையிலிருந்து தகவல் இல்லை.

நவம்பர் 26

உள்ளே மின்பலகை வெந்துபோயிருந்ததாம், தண்ணீர் இல்லையாம். புது டேப் கொடுத்தான். கூடவே ஒரு காபியும்!

நவம்பர் 30

புது டேப்பில் சவேத்தாவின் முகம். இளைத்திருக்கிறாள்.

"இருமல்?"

"போயிடுச்சுன்னு சொன்னேன்ல..."

"என்னைப் பாத்துச் சொல்லு."

பார்த்தாள். சொல்ல வரவில்லை. "போய்யா, போலீஸ்காரா" என்று சிரித்தாள், சிரிப்பிலேயே இருமினாள்.

"போதும்டி. வீட்டுக்கு வா" என்றேன். மூன்று வருடமாக இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன், என்ன மனுஷன் நான்?

டிசம்பர் 6

சவேத்தா டேப்பில் டிக்கெட்டைக் காட்டினாள். ப்ரோஃபிரா ஒருமுறை உரக்கப் படித்தாள். டிசம்பர் பத்தொன்பது, பேருந்து, ஜன்னலோரம், இருக்கை முப்பத்தொன்று, காலை ஆறு நாற்பதுக்கு நம் சந்தை முக்கில் வந்து இறங்குவாள். திரும்பிப் போக டிக்கெட் இல்லை.

"அச்சடிச்சுத் தரவா அண்ணே?" என்றாள் ப்ரோஃபிரா.

எதற்கு?